எண்ணெய் இல்லாத வண்டி ஒழுகிய கதை

பேய்க்குப் பயப்படுகிறவர்களில் இரண்டு வகை. பயம்தான் என்று ஒத்துக்கொண்டு, விளக்குமாற்றையும் ஒரு இரும்புத் துண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் முதல் வகை. "பேயாவது, பிசாசாவது" என்று ஊரெல்லாம் சவால் விட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போகும்போது மட்டும் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது வகை. நான் இரண்டாவது வகை. அதிலும் அதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டவன். பண்ணைப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். பேய் இல்லை என்று வாரம் ஒரு தடவையாவது பாடத்துக்கு நடுவில் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. குடியிருந்தது உத்தமபாளையத்தில். பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ்ஸை நம்பினால் மூன்றாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேர முடியும். அதனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். தேவதானப்பட்டியில் ஒரு ஏலக்காய் புரோக்கர் வீட்டு வண்டி. புரோக்கரின் தம்பிதான் விற்றார். வண்டியைக் கொட்டகையிலிருந்து அவர் தள்ளிக்கொண்டு வரவில்லை. "நீங்களே எடுத்துக்குங்க" என்று சாவியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். (என்ன மரியாதையான மனுசன் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான்.)

வண்டி நன்றாக ஓடியது. ஒரே ஒரு குறை, இடது பக்கம் செயின் கவருக்குக் கீழே எண்ணெய் ஒழுகியது. எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டியதும் குறுகலாக ஒரு நடை, அதைத் தாண்டித்தான் பட்டாசாலை என்கிற கூடம். அந்த நடையில்தான் வண்டியை நிறுத்துவேன். தரை சிவப்புச் சிமெண்டு. சிவப்புத் தரையில் கறுப்பு எண்ணெய் தேங்கினால் எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறைந்துபோன ரத்தம் மாதிரிதான் இருக்கும்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். மனைவி பெயர் பாக்கியம், சுருளிப்பட்டிப் பெண். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம் அல்லவா? ஒரு சனிக்கிழமை என் மாமியார் வீரம்மா, மகளைக் கூட்டிப்போக வந்து இறங்கினார். நான் ஆடி மாதத்துக்கு எதிராக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மாதங்களுக்கும் மனிதர்களுக்கும் சம்பந்தமில்லை, பூமி சூரியனைச் சுற்றுகிறது, ஆகவே பாக்கியம் இங்கேயேதான் இருப்பாள். (உண்மைக் காரணம் சயன்ஸ் இல்லை. கல்யாணமாகி இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க என்னால் முடியாது. அதை வெளியில் சொல்ல வெட்கம்.)

மாமியார் என் பேச்சைக் கேட்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா பாக்கியம், அது என்னத்தா?"

"வண்டி எண்ணெய்ம்மா. ஒழுகுது."

"தெனமுமா?"

"தெனமும்."

"யாரு வண்டி அது?"

நான் சொன்னேன். தேவதானப்பட்டி ஏலக்காய் புரோக்கர் என்றதும் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வாரம் இங்கன இருக்கேன் மாப்ளே. ஒழுகுறது நின்னுச்சுன்னா எம்மகள விட்டுட்டு நாம்பாட்டுக்குப் போறேன். நிக்கலைன்னா மறு திங்கக்கிழமை காலை பஸ்ஸுக்கு அவளும் வருவா. அதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

ஆயில் சீல் என்கிற ஒரு ரப்பர் வளையம்தான் விஷயம். அதை மாற்றினால் பெண்டாட்டி வீட்டில் இருப்பாள். இவ்வளவு சுலபமான பரீட்சை உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் வைக்கப்பட்டதில்லை என்று உள்ளுக்குள் சிரித்தேன். மாமியார் "கம்பத்துல ஒரு சோலி" என்று சொல்லிப் பஸ் ஏறினார், சாயங்காலம் திரும்பி வந்தார். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை.

அவர் போன கையோடு வண்டியை மெக்கானிக் காளிமுத்துவிடம் ஓட்டிக்கொண்டு போனேன். காளிமுத்து வாயைத் திறந்தால் மூட மாட்டான். அன்றைக்கு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"சார், இந்த வண்டியா?"

"ஏன்? கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டுல ஆயில் சீல் போயிருக்கு. மாத்திக் குடு."

"சார், வேற என்ன வேலைன்னாலும் செய்யிறேன். இதுல கை வைக்கச் சொல்லாதீக."

அப்புறம் அவன் சொன்ன கதை இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டு மலைப் பாதையில், ஒரு வளைவில், பட்டப்பகலில் இந்த வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றதாம். ஒரு கீறல் கிடையாது. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. இஞ்சின் சூடு ஆறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைத்திருக்கிறது. ஓட்டி வந்த புரோக்கரை மட்டும் காணோம்.

"மூணு நாளு தேடுனாக சார். பள்ளத்துல எறங்கித் தேடுனாக. இன்னிக்கு வரைக்கும் கெடைக்கலை."

"அதுக்கும் ஆயில் சீலுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அன்னிக்கு வரைக்கும் இந்த வண்டி ஒரு சொட்டு ஒழுகுனது இல்ல சார்" என்றான் காளிமுத்து.

நான் பெரிதாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. காளிமுத்து இரண்டு புது சீல்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்றுக்கு மறுபடி தன்னிடம் வரக்கூடாது என்ற நல்லெண்ணம். "உள்ளாற சின்னதா ஸ்பிரிங்கு தெரியுது பாருங்க, அந்தப் பக்கம் உள்ள போகணும். எழுத்துப் போட்ட பக்கம் வெளிய. இம்புட்டுத்தான். போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, நான் போகும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். குமுளிப் பக்கமிருந்து சாரலையும் தூக்கிக்கொண்டு வந்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு ஆட்டு ஆட்டும். பகல் பதினோரு மணிக்கே வீட்டுக்குள் மங்கலாக இருந்தது. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

கழற்றுகிற சாமான் ஒவ்வொன்றும் எந்த வரிசையில் வந்தது என்று மறக்கக்கூடாதே? பாக்கியத்தின் கோலப்பொடியை எடுத்துத் தரையில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதினேன். கியர் லீவர் முதல் கட்டம். கவர் ஸ்குரூக்கள் இரண்டாவது. இப்படி ஒன்பது கட்டம் வந்தது. அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், ஒன்பது கட்டத்தையும் அதற்கு நடுவில் கை முழுக்கக் கரியோடு மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்து, "முருகா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

கவரைத் திறந்தால் உள்ளே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடந்தது. ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தின் நட்டைத் திருகும்போது பின்சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதனால் யாராவது பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தாள். இரண்டடி பைப்பை ஸ்பேனரில் மாட்டி நான் தொங்கினேன். மூன்றாவது தொங்கலில் நட்டு விட்டது. செயினைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை உருவி, பழைய சீலைத் திருப்புளியால் நெம்பி எடுத்தேன். வெயிலில் காய்ந்த வடை மாதிரி விறைத்துப் போயிருந்தது. பாக்கியம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்பிரிங்கு உள்பக்கம் இருந்துச்சுங்க" என்றாள். "தெரியும், தெரியும்" என்றேன். (தெரியாது. காளிமுத்து சொன்னதை அதற்குள் மறந்திருந்தேன்.)

புது சீலுக்கு கிரீஸ் தடவி, ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. உச்சிப்பொழுது. பாக்கியம் கை கழுவப் போயிருந்தாள். நடையில் நான் மட்டும்தான். செயின் கழன்று கிடக்கிறது, கியர் எதுவும் இல்லை, பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. அந்தச் சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. யாரோ ஒரு விரலால் தள்ளிவிட்ட மாதிரி, அவசரமே இல்லாமல். கூடவே வண்டிக்குள்ளிருந்து ஒரு முனகல். "ம்ம்ம்ம்" என்று, நோயாளி புரண்டு படுக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

கதவிடுக்கில் புகுந்த காற்று பட்டால் சும்மா தொங்குகிற சக்கரம் சுற்றும், சைலன்சர் வாய் முனகும். புட்டியின் வாயில் ஊதினால் சத்தம் வருகிற அதே தத்துவம். ஒத்ததிர்வு. போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தது பிறகுதான். அந்த நிமிஷத்தில் நான் அடுப்படியில் மாமியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

"என்ன மாப்ளே?"

"தண்ணி... தண்ணி குடிக்க வந்தேன் அத்தை."

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். வண்டிக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைத்தேன். ராத்திரி சாப்பிடும்வரை ஒரு சொட்டு இல்லை. "பார்த்தீங்களா அத்தை? இதுதான் சயன்ஸ்" என்றேன். மாமியார் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தேன். செய்தித்தாளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

குனிந்து முகர்ந்தேன். கியர் ஆயில் வாசம் இருந்தது. அதோடு இன்னொரு வாசமும் இருந்தது. எங்கேயோ பழகிய வாசம். கொஞ்ச நேரம் யோசித்ததும் பிடிபட்டது: கோயில் விளக்கு. கர்ப்பக்கிரகத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருமே, அந்த வாசம். நடையில் விளக்கு எதுவும் கிடையாது. வண்டிதான் இருந்தது. அந்த வாசம் வண்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால், இஞ்சின் சூடேறியதும் அந்த வாசம் காலடியிலிருந்து எழும்பி வந்தது. பண்ணைப்புரம் போகிற வழியில், இரண்டு பக்கமும் மலை, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு, முதுகுக்குப் பின்னால் காற்று, காலுக்குக் கீழே கோயில் வாசம். சத்தியமாகச் சொல்கிறேன், பின்சீட்டில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டாவது சீலை மாட்ட உட்கார்ந்தேன். இந்தத் தடவை பாக்கியத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே விடவில்லை மாமியார். "ஒருக்கா தொட்டது போதும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிரேக்குக்கு ஒரு உரல் குழவியைத் தூக்கி வைத்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பின்சக்கரம் சுற்றினால் கண்ணில் படக்கூடாது என்று அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அவசர அவசரமாகப் பழசை நெம்பினேன், புதுசைத் தட்டினேன், மாட்டினேன், எழுந்தேன். வியாழக்கிழமை காலையில் உள்ளங்கை அகலம் சாப்பாட்டுத் தட்டு அகலமாகியிருந்தது.

மாமியாரின் முகம் வெளிறிவிட்டது. "இன்னும் அடங்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை, மகளின் சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சேலையாகப் பெட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். பாக்கியம் என்னையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். கியர் பாக்ஸுக்கு அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் முழுவதையும் ஒரு சட்டியில் இறக்கினேன். கடைசிச் சொட்டு விழும்வரை அரை மணி நேரம் காத்திருந்தேன். இனிமேல் வண்டியில் எண்ணெயே கிடையாது. இல்லாத எண்ணெய் எப்படி ஒழுகும்? நியூட்டனே வந்தாலும் பதில் சொல்ல முடியாது. அத்தோடு, யாராவது விஷமம் செய்கிறார்களா என்று பார்க்க, படுக்கப் போவதற்கு முன்னால் நடை முழுக்கக் கோலப்பொடியைத் தூவினேன். மனிதர் யார் வந்தாலும் காலடித் தடம் விழும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டிக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருந்தது. காலடித் தடம் எதுவும் இல்லை. தடம் விழுவதற்குப் பொடியே இல்லை. நடை முழுக்கத் தூவியிருந்த பொடியில் ஒரு துகள்கூட இல்லாமல், சிவப்புத் தரை துடைத்து வைத்தது போலக் கிடந்தது. கோயில் விளக்கு வாசம் மூக்கைத் துளைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு டியூஷன் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வண்டியைத் தொடவில்லை, பஸ்ஸில் போனேன். தலையில் துண்டு. கம்பத்தைத் தாண்டி, சுருளிப்பட்டி போகிற வழியில் ஒரு புளியந்தோப்பு ஓரம் ஒரு கோடாங்கி இருந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். காணாமல் போன மாடு முதல் தங்காத கரு வரைக்கும் எதையும் கேட்கலாம். "இந்த உடுக்கைச் சத்தத்துக்கு ஏமாறாதீர்கள்" என்று போன வருஷம்தான் ஆண்டு விழாவில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். இப்போது வரிசையில் ஏழாவது ஆளாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. என் முறை வந்தது. ஓலைக்கொட்டகைக்குள்ளே சாம்பிராணிப் புகை. கோடாங்கி கண்ணை மூடிக்கொண்டு உடுக்கையை எடுத்தார். அது முதலில் மெதுவாகத்தான் பேசியது. பிறகு வேகமெடுத்தது. என் நெஞ்சு அதன் தாளத்துக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு சக்கரம்" என்றார் கோடாங்கி.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"மலையேறுன சக்கரம். செருப்பக் கழட்டி வச்சுட்டு எறங்கிப் போனவன். தாகம் அடங்கல. எண்ணெய் கேக்குறான்."

அவ்வளவுதான். முப்பது வயசு சயன்ஸ் வாத்தியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, கொட்டகையே அதிரும்படி அலறினேன்: "சாமி! எண்ணெயெல்லாம் நேத்தே பூராவும் எறக்கிட்டேன் சாமி! எண்ணெயே இல்லாம ஒழுகுது! எம்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகப் போறாக! என்னையக் காப்பாத்துங்க!"

உடுக்கை நின்றது. கோடாங்கி ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார். சாதாரணக் குரலில் கேட்டார்:

"எண்ணெய் எப்படி இல்லாமப் போகும்? ஒங்க மாமியாதான் தெனம் விடியக்காலம் ஒரு கரண்டி ஊத்துறாகளே?"

"எதை?"

"நல்லெண்ணெய."

"எங்க?"

"அந்தச் செயினு உள்ள போற சந்துலதான். வாய் மாதிரி இருக்குன்னு சொன்னாக. அங்கனயே ஊத்துங்கன்னேன். ஒம்பது நாள் கணக்கு. இன்னிக்கு எட்டு." என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வீரம்மா மருமகன்தான நீங்க? கல்யாணத்துல ஒங்க பந்தியிலதான் ஒக்காந்து சாப்பிட்டேன். அன்னிக்கு இம்புட்டு எளச்சு இல்லையே?" என்றார்.

எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முயன்று, மூக்கு வழியாக அது வெடித்தது. திரும்பினேன். வரிசையில் எட்டாவது ஆள் மெக்கானிக் காளிமுத்து. காணாமல் போன ஒரு ஸ்பேனர் செட்டைப் பற்றிக் குறி கேட்க வந்திருந்தான். கையைக் கூப்பியபடியே நான் அவனைப் பார்த்தேன். "கும்புடுறேன் சார்" என்றான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லாம் விளங்கிவிட்டது. சந்தில் ஊற்றிய எண்ணெய் கவருக்குள் இறங்கி, அங்கே கிடந்த அழுக்கில் ஊறி, கறுப்பாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிந்திருக்கிறது. மாமியார் ஊற்றிய உடனே அது உள்ளே போய்விடும். குடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அப்புறம் கறுப்பாக வெளியே வந்ததும், குடித்ததைக் கக்குகிறது என்று நடுங்கியிருக்கிறார். வாழ்க்கையில் நான் என் கையால் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, முதல் ஞாயிறு மாட்டிய அந்த முதல் சீல். அதையும் புதன்கிழமை நானே நெம்பி எடுத்து எறிந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் பொங்கியது. மகளைக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காக இப்படி ஒரு சூழ்ச்சியா? பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி தயார் செய்துவிட்டேன். மாமியார் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, கோடாங்கியப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. அழ ஆரம்பித்தார்.

"ஓட்டுறவனத்தான் கேக்குதுன்னு சொன்னாரு மாப்ளே. எம்மகள இல்ல, ஒங்களத்தான். நான் என்ன செய்ய? இவ அப்பனக் குமுளி ரோட்டுல லாரிக்குப் பறிகொடுத்தவ நானு. அப்ப இவளுக்கு ஆறு வயசு. அந்த மாதிரி இவளும் நிக்கக் கூடாதுல்ல? நீங்க படிச்சவுக, சொன்னாச் சிரிப்பீக. அதான் சொல்லாம ஊத்துனேன். இவளக் கூட்டிட்டுப் போனா, நீங்களும் வண்டியப் போட்டுட்டுப் பின்னாடியே வந்துருவீகன்னு நெனச்சேன். மாசம் பூரா அங்கனயே இருந்துருக்கலாம்ல?"

தயார் செய்து வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. என் தாய்கூட எனக்காக அப்படிப் பயந்ததில்லை. எட்டு நாள் விடியக்காலம், தான் பார்க்கவே பயப்படுகிற ஒரு வண்டிக்கு முன்னால் கரண்டியோடு தனியாகப் போய் நின்றிருக்கிறார், என் உயிருக்காக. நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"அத்தை, நடையில கோலப்பொடி தூவியிருந்தேனே?"

"தூவுனதா அது? கொட்டிக் கெடக்குன்னுல்ல கூட்டித் தொடச்சு விட்டேன்" என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டே.

பாக்கியம் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமியாருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இரு என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், பெட்டியிலிருந்து மகளின் சேலைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அன்று சாயங்கால பஸ்ஸுக்கே தனியாக ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஒழுகாத வண்டியைப் பார்க்கிற ஆசையில் சீக்கிரமே எழுந்து நடைக்குப் போனேன்.

எண்ணெய் தேங்கியிருந்தது. நல்லெண்ணெய் வாசம்.

மாமியார் சுருளிப்பட்டியில் இருக்கிறார். கியர் பாக்ஸ் காலி. வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது. அடுப்படியிலிருந்து பாக்கியம் கேட்டாள்: "என்னங்க, இன்னிக்கு ஒழுகலையே?"

"ஒரு சொட்டு இல்ல" என்றேன். இடுப்பு வேட்டியின் முனையாலேயே அதைத் துடைத்தேன். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனால், என் மேசை மேல் ஒரு சின்னப் புட்டி நல்லெண்ணெயும் ஒரு கரண்டியும் இருந்தன. காளிமுத்து ஒரே ராத்திரியில் இரண்டு ஊருக்குச் செய்தி சொல்லியிருந்தான். சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்து வண்டியைக் கழற்றினான். ("கோடாங்கியே இன்னியோட கணக்கு முடியுதுன்னுட்டாரு சார், இனி பயமில்ல.") சீலை எடுத்துக் காட்டினான். இரண்டாவது தடவை நான் மாட்டியது தலைகீழாக இருந்தது, ஸ்பிரிங் வெளிப்பக்கம். "மொதோ தடவ சரியா மாட்டியிருந்தீகளாமே சார்? வீட்டம்மா சொன்னாக" என்றான்.

அந்த வண்டியைப் பதினோரு வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. போடிமெட்டுப் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடக் கொண்டு போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் மைலேஜ் போதாது என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தலில் உட்கார்ந்து எல்லாரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல யாரோ இந்தக் கதையைக் கிளப்பினார்கள். நான் கோடாங்கி முன்னால் அலறியதைப் பாக்கியம் நடித்துக் காட்டினாள். எல்லாரும் புரண்டு புரண்டு சிரித்தார்கள். மாமியாருக்கு அப்போது பல் போயிருந்தது. அவரும் சிரித்துவிட்டு, "ஆனா எட்டு நாள்தான் ஊத்துனேன். ஒம்பதாவது நாள் கொறையாப் போச்சேன்னு இன்னமும் மனசுக்குள்ள கெடக்கு" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே பூட்டி வைத்திருந்தது, தானாக வாய்க்கு வந்துவிட்டது.

"ஒம்பதாவது நாளும் இருந்துச்சு அத்தை. திங்கக்கிழமை காலையில. நான்தான் யாருக்கும் தெரியாம வேட்டியில தொடச்சேன்."

பந்தலில் அரிவாள்மணைகள் எல்லாம் நின்றுவிட்டன. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாக்கியம் மட்டும் தலை நிமிராமல் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது நான்" என்றாள்.

"நீயா?"

"அம்மா ஊருக்குப் போயிருச்சு. நீங்க பள்ளிக்கூடம் போகணும். ஒரு நாள் கொறைய விட்டா எப்படி?"

"பேய் இல்லைன்னு நான் சொன்னப்பல்லாம் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனியே பாக்கியம்?"

"ஆட்டுனேன். இப்பவும் ஆட்டுவேன்" என்றாள். "ஒரு கரண்டி எண்ணெய்ல என்னங்க போச்சு? போனது நீங்கன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

மாமியார்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

இப்போது என்னிடம் இருப்பது பேரன் வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டர். அதில் செயினும் இல்லை, ஊற்றுவதற்குச் சந்தும் இல்லை. இருந்தாலும் சாவியை எடுத்தால் போதும், உள்ளே இருந்து யாராவது ஒருத்தர், "தாத்தா, ஒரு கரண்டி ஊத்தட்டுமா?" என்று கத்துவார்கள். முறைப்பது போல நடித்துவிட்டுக் கிளம்புவேன். கத்துவதற்கு எல்லாரும் மறந்துபோகிற நாளும் உண்டு. அன்றைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பாமல் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நானே உள்ளே பார்த்துக் கேட்பேன்:

"ஏன் பாக்கியம், இன்னிக்கு யாரும் ஊத்தலையா?"